இளம் நடுக்கள ஆட்டக்காரர் முதல் அணிக்குள் நுழைவாரா? விவாதத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

பதினேழு வயது இளைஞர் ஒருவர் கால்பந்துக் கோப்பை ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடங்களில் களமிறங்கி, இரண்டு பேரைத் தாண்டி ஒரு நல்ல பாஸ் கொடுத்துவிட்டால் போதும். அன்றிரவே ரசிகர்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். அடுத்த வாரமே அவரைத் தொடக்கப் பதினொருவரில் சேர்க்க வேண்டும் என்கிறது ஒரு கட்சி. இரண்டு ஆண்டுகள் லோனில், அதாவது தற்காலிகமாக வேறொரு கிளப்புக்கு ஆடப் போய், அடிபட்டு வரட்டும் என்கிறது மற்றொன்று. இரு கட்சியினரும் பேசுவது அந்த இளைஞரின் கால்களைப் பற்றி மட்டுமே. இத்தகைய விவாதங்களில் பல ஆண்டுகள் கலந்துகொண்டு, பெரும்பாலும் தவறாகவே கணித்தவன் என்ற முறையில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு: முதலில் அணியில் காலியாக இருக்கும் இடத்தை எண்ண வேண்டும், ஆட்டக்காரரைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். அந்த வரிசையில் எப்படிச் செல்வது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

எதைப் பற்றி வாதிடுகிறோம் என்று முடிவுசெய்தல்

"முதல் அணிக்குள்", அதாவது கிளப்பின் முதன்மை அணிக்குள், "நுழைவது" என்ற சொற்றொடர் ஆளுக்கொரு பொருள் தருகிறது. ஆர்சனல் அணியின் ஈதன் நுவானேரி, 2022 செப்டம்பர் 18 அன்று பிரெண்ட்ஃபோர்டுக்கு எதிராகக் களமிறங்கியபோது அவருக்கு வயது 15 ஆண்டுகள் 181 நாட்கள். இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீகில் அதற்கு முன் அவ்வளவு இளம் வயதில் எவரும் ஆடியதில்லை. அவருடைய அடுத்த லீக் ஆட்டம் 2024 பிப்ரவரியில்தான் வந்தது. இடைப்பட்ட பதினேழு மாதங்களில் அவர் நுழைந்துவிட்டாரா, இல்லையா? அறிமுக ஆட்டத்தை வைத்துப் பேசுபவரும், வாராவாரம் ஆடுவதை வைத்துப் பேசுபவரும் ஒரே இளைஞரைப் பற்றி எத்தனை மணி நேரம் வாதிட்டாலும் ஓர் இடத்தில் சந்திக்கப் போவதில்லை.

ஆகவே, பேச்சைத் தொடங்குமுன் ஓர் எண்ணை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளும் எண், ஒரு பருவத்தின் லீக் ஆட்டங்களில் 900 நிமிடங்கள், அதாவது பத்து முழு ஆட்டங்களுக்குச் சமமான நேரம். இதில் புனிதம் ஒன்றும் இல்லை. 700 என்றோ 1,200 என்றோ வைத்துக்கொள்ளலாம். இரு தரப்பும் ஒரே எண்ணை வைத்துக்கொள்வதே முக்கியம். கோப்பை ஆட்டங்களின் நிமிடங்களைத் தனியாக எழுதிக்கொள்வது நல்லது. கீழ்நிலை அணிகளோடு தொடக்கச் சுற்றுகளில் ஆடிய நேரத்தை லீக் நேரத்தோடு கலந்தால் கணக்கு பெருத்துக் காட்டும்.

நிமிடக் கணக்கு

38 ஆட்டங்கள் கொண்ட லீகில் ஓர் இடத்துக்கு 3,420 நிமிடங்கள் உண்டு. நடுக்களத்தில் மூவரை நிறுத்தும் அணிக்கு ஆக மொத்தம் 10,260 நிமிடங்கள். இந்தத் தொகையிலிருந்து, அணியில் ஏற்கெனவே இருக்கும் மூத்தவர்கள் சென்ற பருவத்தில் ஆடிய நிமிடங்களைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். எடுத்துக்காட்டாக, இருபதுகளின் நடுவில் உடல்வலுவோடு இருக்கும் இருவர் தலா 2,700 நிமிடங்களும், மூன்றாமவர் 2,200 நிமிடங்களும் ஆடுவார்கள் என்று கொள்வோம், மீதம் 2,660. அணி சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் நான்காவது, ஐந்தாவது ஆட்டக்காரர்கள் அதில் 1,800 நிமிடங்களை எடுத்துக்கொண்டால், எஞ்சுவது 860. உலகிலேயே சிறந்த பதினெட்டு வயது இளைஞராக இருந்தாலும், யாரும் காயமடையாமலும் யாரும் விற்கப்படாமலும் இருந்தால், அவருக்குக் கிடைக்கக்கூடியது அந்த 860-க்குள் ஒரு பங்குதான். இந்தக் கழித்தல் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த நாளிலிருந்து நான் பாதி விவாதங்களில் வாய் திறப்பதில்லை.

எத்தனை இடங்கள் என்பதையும் நிலையானதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பயிற்சியாளர் மாறினால் இடங்களின் எண்ணிக்கையே மாறலாம். மான்செஸ்டர் யுனைடெட்டின் கோபி மைனூ 2023 நவம்பரில், மூத்த நடுக்கள ஆட்டக்காரர்களான காசெமிரோவும் எரிக்சனும் காயமடைந்திருந்த நேரத்தில், எவர்ட்டனுக்கு எதிராக முதன்முறையாக லீக் ஆட்டத்தைத் தொடங்கினார். ஆறு மாதங்களில் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் கோல் அடித்தார். அந்தக் கோடையிலேயே யூரோ 2024 இறுதியாட்டத்தை இங்கிலாந்துக்காகத் தொடங்கினார். இனி அவருடைய இடத்தைப் பற்றிப் பேச எதுவுமில்லை என்றே தோன்றியது. பின்னர் வந்த பயிற்சியாளர் ரூபன் அமோரிம், நடுவில் இருவரை மட்டுமே நிறுத்தும் அமைப்பைக் கொண்டுவந்து, அந்த இருவரில் ஒருவராக அணித் தலைவர் புரூனோ ஃபெர்னாண்டஸை ஆட வைத்தார். 2025-26 பருவத்தின் தொடக்க மாதங்களில் மைனூ ஒரு லீக் ஆட்டத்தைக்கூடத் தொடங்கவில்லை. ஓராண்டுக்குள் அவர் பாஸ் கொடுக்க மறந்துபோயிருக்க முடியாது. மூன்று நாற்காலிகள் இரண்டாகிவிட்டன, அவற்றில் ஒன்றில் தலைவர் அமர்ந்திருந்தார்.

எந்த நடுக்களம்?

"நடுக்கள ஆட்டக்காரர்" என்ற ஒற்றைச் சொல் மூன்று வெவ்வேறு வேலைகளை மூடி மறைக்கிறது. தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிற்கும் ஆறாம் எண் ஆட்டக்காரர் ஒரு பந்தை இழந்தால், அது நேராகத் தன் கோல் வரை போகும். தாக்குதல் வரிசைக்குப் பின்னால் நிற்கும் பத்தாம் எண் ஆட்டக்காரர் பந்தை இழந்தால், அவருக்குப் பின்னால் இன்னும் ஆறேழு பேர் இருக்கிறார்கள். இரு கோல்களுக்கும் முன்னால் உள்ள பெட்டிகளுக்கு இடையே ஓடும் எட்டாம் எண் ஆட்டக்காரர் இவர்களுக்கு நடுவில் வருகிறார். இளைஞர்கள் தவறு செய்தே கற்பவர்கள் என்பதால், அந்தத் தவறின் விலை குறைவாக உள்ள இடங்களையே பயிற்சியாளர்கள் அவர்களுக்கு முதலில் திறந்துவிடுகிறார்கள். ஆறாம் எண் இளைஞரின் காத்திருப்பு நீளும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்வது பிழையாகாது.

இதற்கு விலக்கு இல்லாமல் இல்லை. 2008-09 பருவத்தில் பார்சிலோனாவின் முதல் அணியில் செர்ஹியோ புஸ்கெட்ஸ் அந்த இடத்துக்கு வந்தபோது, அங்கே யாயா தூரே இருந்தார். ஆனால் அந்தப் பருவத்தில் முதல் அணிக்குப் பொறுப்பேற்ற குவார்டியோலா, முந்தைய ஆண்டு முழுவதும் புஸ்கெட்ஸை இரண்டாம் அணியில் வைத்துப் பயிற்றுவித்தவர். இளைஞரின் தவறுகள் எப்படி இருக்கும் என்பதை ஏற்கெனவே அறிந்த பயிற்சியாளர் கிடைப்பது மிகப் பெரிய பேறு. ரசிகர்களின் கணக்கில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

மற்றொரு வாசலையும் மறந்துவிடக் கூடாது. நடுக்களத்தில் இடமில்லாத இளைஞர், பக்கத்து இடம் ஒன்றின் வழியாக உள்ளே வரலாம். ஆர்சனலின் மைல்ஸ் லூயிஸ்-ஸ்கெல்லி இளையோர் அணியில் நடுக்களத்தில் ஆடியவர்; 2024-25 பருவத்தில் முதல் அணியில் அவருக்குக் கிடைத்தது இடது பின்கள இடம். "அவரை அவருடைய இடத்தில் ஆட வைக்கவில்லையே" என்று குமுறுவோர், அந்த இடத்தில் அவருக்கு எத்தனை நிமிடங்கள் மிச்சம் இருந்தன என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

முன்னால் நிற்கும் வரிசை

அடுத்து, இளைஞருக்கு முன்னால் இருப்பவர்கள் ஒவ்வொருவரின் வயதையும், ஒப்பந்தம் முடியும் ஆண்டையும், கடந்த இரண்டு பருவங்களின் காய வரலாற்றையும் ஒரு தாளில் எழுத வேண்டும். முப்பது வயதைத் தாண்டி, ஒப்பந்தத்தில் ஓராண்டே மீதமுள்ள ஆட்டக்காரர் ஒருவர் அந்தப் பட்டியலில் இருந்தால், அதுவே திறக்கப் போகும் கதவு. ஃபில் ஃபோடன் 2017 அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்று, அடுத்த மாதமே மான்செஸ்டர் சிட்டிக்காகச் சாம்பியன்ஸ் லீகில் அறிமுகமானார். அதன் பின் அவரை ஏன் லோனில் அனுப்பவில்லை, ஏன் வாராவாரம் ஆட வைக்கவில்லை என்று ரசிகர்கள் மூன்று பருவங்கள் சலிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2020 கோடையில் மூத்த நடுக்கள ஆட்டக்காரர் டேவிட் சில்வா கிளப்பை விட்டு வெளியேறினார். அடுத்த பருவ முடிவில் ஃபோடன் இங்கிலாந்தின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருதை வாங்கினார். முன்னால் நிற்பவர் போகும் தேதி தெரிந்திருந்ததால், அந்தக் காத்திருப்புக்கு ஒரு முடிவு இருந்தது.

இதற்கு நேர்மாறான காட்சியை அதே பார்சிலோனாவில் பார்க்கலாம். தியாகோ அல்கான்டாராவின் திறமையைப் பற்றி யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. அவருக்கு முன்னால் சாவி, இனியெஸ்டா, புஸ்கெட்ஸ் ஆகிய மூவரும் இருந்தார்கள், மூவரும் எங்கும் போவதாக இல்லை. போதிய ஆட்டங்களில் வாய்ப்புத் தரப்படாவிட்டால், வேறு கிளப் அவரை வாங்கிச் செல்லக் கட்ட வேண்டிய விடுவிப்புத் தொகை 9 கோடி யூரோவிலிருந்து 1.8 கோடியாகக் குறைய வேண்டும் என்று அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. வாய்ப்பு போதவில்லை, தொகை குறைந்தது. 2013-ல் அவர் பயர்ன் மியூனிக்குக்குப் போய்விட்டார். ஒப்பந்தத்தின் ஒரு வரி, ஆயிரம் ரசிகர்களின் கருத்தைவிடக் கனமானது.

சில சமயம் மூத்தவர் ஒருவர் பருவத்தின் நடுவிலேயே விலகுவதும் உண்டு. 2023 ஜனவரி இறுதியில் என்சோ ஃபெர்னாண்டஸைச் செல்சி வாங்கிக்கொண்ட பிறகு, போர்ச்சுகலின் பென்ஃபிகா கிளப்பின் நடுக்களத்தில் ஏற்பட்ட வெற்றிடத்தை அந்தப் பருவம் முடிவதற்குள் நிரப்பியவர் பதினெட்டு வயது ஜோவாவ் நெவெஸ். 2005-ல் பாட்ரிக் வியேரா யுவென்டஸுக்குப் போன பிறகு ஆர்சனலின் நடுக்களம் செஸ்க் ஃபாப்ரகாஸைச் சுற்றி அமைந்ததும் இதே வகை.

ஆனால் இந்தக் கணக்கும் பொய்க்கும் நேரம் உண்டு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2011 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டர் யுனைடெட்டில் காயங்கள் மிகுந்திருந்ததால், பின்கள ஆட்டக்காரர் ரஃபேலும் பார்க் ஜி-சங்கும் நடுக்களத்தைத் தொடங்கினார்கள்; பிளாக்பர்னிடம் அணி 3-2 எனத் தோற்றது. பதினெட்டு வயது பால் போக்பா அப்போது கிளப்பில்தான் இருந்தார். சில நாட்களில், ஓய்வு பெற்றிருந்த பால் ஸ்கோல்ஸ் திரும்ப அழைக்கப்பட்டார். இடம் காலியாக இருந்தும் இளைஞருக்குத் தரப்படவில்லை என்றால், பயிற்சியாளரின் மனத்தில் வரிசை வேறு விதமாக இருக்கிறது என்று பொருள். 2012 கோடையில் போக்பா யுவென்டஸுக்குப் போனார். 2016-ல் அவரைத் திரும்ப வாங்க யுனைடெட் 8.9 கோடி பவுண்டு கொடுத்தது. வெற்றிடம் தோன்றும்போது பயிற்சியாளர் யாரைக் கூப்பிடுகிறார் என்பதே அவருடைய பேட்டிகள் அனைத்தையும்விட நம்பத்தக்க சான்று.

இனி ஆட்டக்காரரைப் பார்க்கலாம்

தொகுப்புக் காணொளிகளை ஒதுக்கிவிட வேண்டும். மூன்று நிமிடத் தொகுப்பு என்பது ஒரு பருவத்தின் 2,000 நிமிடங்களிலிருந்து பொறுக்கியெடுத்த நல்ல நொடிகள் மட்டுமே. அதில் யாரும் மோசமாகத் தெரிய மாட்டார்கள். முழு ஆட்டம் ஒன்றை எடுத்து, இடையில் இருபது நிமிடங்கள் பந்தை மறந்துவிட்டு அந்த ஒருவரை மட்டுமே பார்ப்பது நல்ல வழி. தொலைக்காட்சிக் கேமரா பந்தின் பின்னால் ஓடுவதால் இது எளிதன்று. மைதானத்தில் நேரில் பார்க்க வாய்ப்பு இருந்தால் அதற்கு ஈடு இல்லை.

முதலில் அவருடைய தலையைக் கவனிக்க வேண்டும். பந்து அவரிடம் வந்துகொண்டிருக்கும்போது அவர் எத்தனை முறை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறார்? இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், அதிகமாகச் சுற்றிப் பார்ப்பவர்கள் அதிகமான பாஸ்களைச் சரியாகச் சேர்க்கிறார்கள் என்று காட்டியிருக்கிறார். நடுக்களத்தில் எதிரி எந்தத் திசையிலிருந்தும் வருவதால், பந்து வந்த பிறகு யோசிக்கத் தொடங்குபவருக்கு முதல் அணியில் நேரம் இருக்காது. இளையோர் ஆட்டத்தில் கிடைக்கும் அந்தக் கூடுதல் அரை நொடி அங்கே இல்லை. அடுத்து, பந்தை வாங்கும்போது அவருடைய உடல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாதி திரும்பிய நிலையில் வாங்கி முதல் தொடுதலிலேயே முன்னோக்கிச் செல்பவரும், வந்த வழியே பந்தைத் திருப்பிக் கொடுப்பவரும் புள்ளிவிவரத்தில் ஒரே 92 சதவீதப் பாஸ் துல்லியத்தோடு காட்சியளிப்பார்கள். பாஸ் துல்லியத்தை மட்டும் தூக்கிக்கொண்டு வாதத்துக்கு வருபவரிடம், அவற்றில் எத்தனை பாஸ்கள் எதிரணியின் ஒரு வரிசையையாவது தாண்டின என்று கேட்டால் போதும்.

பந்தை இழந்த பின் வரும் ஐந்து நொடிகள் அதைவிடவும் முக்கியம். கையை விரித்து நடுவரைப் பார்க்கிறாரா, உடனே திரும்பி ஓடுகிறாரா, ஓடினாலும் சரியான இடத்துக்கு ஓடுகிறாரா? முதல் அணிப் பயிற்சியாளர்கள் இளைஞர்களை ஓரங்கட்டுவதற்குச் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவை இந்த ஐந்து நொடிகளுக்குள் அடங்கிவிடும். எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகும் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டுப் பார்க்க வேண்டும். களைத்த உடலில்தான் இடத்தைப் பற்றிய ஒழுங்கு முதலில் கலைகிறது.

இளையோர் லீகில் ஒருவர் ஆதிக்கம் செலுத்தினால், எதனால் செலுத்துகிறார் என்பதைப் பிரித்தறிய வேண்டும். வயதுக்கு மீறிய உடலால் மற்றவர்களைத் தள்ளிக்கொண்டு போகிறவரின் அனுகூலம், வளர்ந்தவர்களோடு ஆடும் நாளில் மறைந்துவிடும். மாறாக, சிறிய உடலோடு இருப்பவர் தாமதமாக வளரக்கூடும்: அகாடமியில், அதாவது கிளப்பின் இளையோர் பயிற்சிப் பள்ளியில், நெடுநாள் குள்ளமாக இருந்த ஸ்காட் மெக்டாமினே, பின்னர் ஆறடிக்கு மேல் வளர்ந்து, 2024-25 பருவத்தில் நாப்போலி இத்தாலிய லீகை வென்றபோது அந்த லீகின் சிறந்த ஆட்டக்காரராகவும் தேர்வானார்.

லோன் என்னும் சான்றிதழ்

லோனில் சென்று வருவது முன்னேற்றமா, மெல்ல வெளியேற்றும் வழியா என்ற சண்டை என்றும் தீராது. மூன்றைப் பார்த்தால் ஓரளவு தெளிவு பிறக்கும்: லோனில் வாங்கிய அணி தாய் அணியைப் போல ஆடுகிறதா, அங்கே அவர் சொந்த இடத்தில் ஆடுகிறாரா, அவரைக் கேட்டு வாங்கிய பயிற்சியாளர் பாதிப் பருவத்தில் நீக்கப்பட்டுவிட்டாரா. செல்சியின் மேசன் மவுன்ட் 2018-19-ல் லோனில் டெர்பி அணியில் ஃபிராங்க் லாம்பார்டின் கீழ் ஆடினார். அடுத்த கோடையில் லாம்பார்டே செல்சியின் பயிற்சியாளரானார். அதே நேரம் புதிய ஆட்டக்காரர்களை வாங்கச் செல்சிக்குத் தடை இருந்தது. இப்படி இரண்டு கதவுகள் ஒரே நேரத்தில் திறப்பதை யாரும் திட்டமிட முடியாது. 2015 ஜனவரியில் பதினாறு வயதில் ரியல் மாட்ரிட்டில் சேர்ந்த மார்ட்டின் ஓடகார்டோ, ஹீரன்வீன், விட்டெஸ், ரியல் சோசியடாட் எனச் சுற்றி, நான்காவதாக லோனில் சென்ற ஆர்சனலிலேயே நிலைத்து 2022-ல் அதன் தலைவரானார். மாட்ரிட்டின் முதல் அணிக்குள் நுழைவாரா என்ற கேள்விக்கு விடை "இல்லை". நல்ல ஆட்டக்காரரா என்ற கேள்விக்கு விடை "ஆம்". இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்புவதால் எழும் சண்டைகள் கணக்கற்றவை.

விதிகளும் பணமும்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிரீமியர் லீகில் 21 வயதுக்குட்பட்டவர்களை, கிளப் பதிவுசெய்யும் 25 பேர் பட்டியலில் சேர்க்க வேண்டியதில்லை. ஆகவே பதிவு விதி இளைஞருக்குத் தடையாகாது. ஐரோப்பியப் போட்டிகளின் 25 பேர் பட்டியலில் எட்டு இடங்கள் உள்நாட்டில் பயிற்சி பெற்றவர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றில் குறைந்தது நான்கு, அந்தக் கிளப்பிலேயே வளர்ந்தவர்களுக்கு உரியவை. மாற்று ஆட்டக்காரர் எண்ணிக்கை ஐந்தாக உயர்ந்ததும் இளைஞர்களுக்கு உதவியாகவே இருக்கிறது. பணமோ எதிர்த்திசையில் இழுக்கிறது: அகாடமியில் வளர்ந்தவரை விற்றால், கொள்முதல் விலை இல்லாததால், வரும் தொகை முழுவதும் கணக்கேட்டில் லாபமாக நிற்கும். கானர் காலகர் நான்கு அணிகளில் லோனில் ஆடித் திரும்பி, செல்சியில் அடிக்கடி தலைவர் பட்டையும் அணிந்த பிறகு, 2024-ல் அட்லெட்டிகோ மாட்ரிட்டுக்கு விற்கப்பட்டார். நுழைந்தவர் தங்குவார் என்று எண்ணிவிடக் கூடாது.

நிமிடங்கள் அளவுக்கு மீறிப் போவதும் நல்லதன்று. பெத்ரி 2020-21 பருவத்தில் பார்சிலோனாவுக்கும், யூரோ, ஒலிம்பிக் உட்பட ஸ்பெயின் அணிகளுக்கும் சேர்த்து மொத்தம் 73 ஆட்டங்களில் ஆடினார். அடுத்த பருவங்களில் தொடைத் தசைக் காயங்கள் அவரைத் திரும்பத் திரும்ப வெளியே உட்கார வைத்தன. "ஏன் ஆட வைக்கவில்லை" என்று எல்லா வாரமும் கேட்பவர்கள் இதையும் நினைவில் கொள்வது நல்லது.

கணிப்பை எழுதிவைத்தல்

1995 ஆகஸ்டில் ஆஸ்டன் வில்லாவிடம் இளைஞர்கள் நிறைந்த மான்செஸ்டர் யுனைடெட் 3-1 எனத் தோற்றபோது, சிறுவர்களை வைத்து எதையும் வெல்ல முடியாது என்று விமர்சகர் ஆலன் ஹேன்சன் தொலைக்காட்சியில் சொன்னதை இன்றும் எடுத்துக்காட்டிச் சிரிக்கிறோம். அந்த அணி அந்தப் பருவத்தில் லீகையும் எஃப்.ஏ. கோப்பையையும் வென்றது. ஆனால் அந்தக் கோடையில் பால் இன்ஸ், மார்க் ஹியூஸ், கான்செல்ஸ்கிஸ் மூவரும் விற்கப்பட்டு இடங்கள் திறந்திருந்தன என்பதையும், ராய் கீன், ஷ்மைக்கேல், அக்டோபரில் தடை முடிந்து திரும்பிய கான்டோனா போன்றோர் சிறுவர்களைச் சுற்றி நின்றார்கள் என்பதையும் யாரும் சொல்வதில்லை. ஒற்றை வரியில் சொன்ன கணிப்பு ஒற்றை வரியாகவே நினைவில் நிற்கிறது. அதன் பின்னணி உதிர்ந்துபோகிறது.

ஆகவே கணிப்பை நிபந்தனைகளோடு எழுத வேண்டும். "இந்தப் பருவத்தில் இவர் 900 லீக் நிமிடங்களைத் தொடுவதற்குப் பத்தில் மூன்று வாய்ப்பு என்று கருதுகிறேன், மூத்த ஆறாம் எண் ஆட்டக்காரர் ஜனவரியில் விற்கப்பட்டால் பத்தில் ஆறு, கிளப் அதே இடத்துக்கு வேறொருவரை வாங்கினால் பத்தில் ஒன்று" என்பது போல எழுதினால், எதிர்த்தரப்பினர் எந்த எண்ணோடு உடன்படவில்லை என்பதைச் சுட்டிக்காட்ட முடியும், பேச்சு நகரும். அதோடு, எதைக் கண்டால் என் கருத்தை மாற்றிக்கொள்வேன் என்பதையும் ஒரு வரி சேர்க்க வேண்டும். எனக்கு அந்த அடையாளம், ஒரு கோல் முன்னிலையைக் காக்க வேண்டிய கடைசிப் பதினைந்து நிமிடங்களில் பயிற்சியாளர் அந்த இளைஞரை இறக்குவது. அணி 4-0 என முன்னிலையில் இருக்கும்போது இறக்குவது பரிசு. 1-0 என்னும்போது இறக்குவது நம்பிக்கை. அவர் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய ஆட்டங்களைப் பட்டியலிடும்போது, அவர் இறங்கிய நிமிடத்துக்குப் பக்கத்தில் அப்போதைய கோல் நிலையையும் எழுதிவந்தால், சில வாரங்களிலேயே இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்.

மூத்தவர் ஒருவருக்கு நீண்ட காயம், ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் ஜனவரிச் சந்தையில் ஒருவரின் வரவோ விலகலோ, பயிற்சியாளர் மாற்றம் ஆகியவற்றில் ஏதேனும் நிகழ்ந்தால் கழித்தல் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். இடையே ஒரு நல்ல ஆட்டத்துக்காகவோ ஒரு மோசமான ஆட்டத்துக்காகவோ எண்ணைத் திருத்த வேண்டியதில்லை. மே மாத இறுதியில் உண்மையான நிமிடங்களை எடுத்து, எழுதிவைத்த எண்ணின் பக்கத்தில் குறித்த பிறகே, அடுத்த பதினேழு வயது இளைஞரைப் பற்றிய பேச்சைத் தொடங்கலாம்.